குட்டிப் பச்சோந்தி வளர்ப்பு: கூண்டு அமைப்பதிலிருந்து முதல் ஆறு மாதம் வரை, படிப்படியாக

குட்டிப் பச்சோந்தியைப் பறிகொடுத்தவர்கள் சொல்லும் கதைகளில் ஒரு விஷயம் மட்டும் அநேகமாக மாறுவதே இல்லை. குட்டியும் கூண்டும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்திருக்கும். விளக்கை அன்று மாலைதான் மாட்டியிருப்பார்கள், செடியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள், வெப்பமானி வாங்கியே இருக்க மாட்டார்கள். வளர்ந்த பச்சோந்தி இந்தக் குளறுபடியைக் கொஞ்ச நாள் தாங்கிக்கொள்ளும். ஒரு சில கிராம் எடையுள்ள குட்டி தாங்காது. அதன் உடம்பு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும், சீக்கிரம் வறண்டும் போகும்.

அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். எண்கள் எல்லாம் பரவலாக வளர்க்கப்படும் இரண்டு வகைகளுக்கானவை: ஏமன் பச்சோந்தி, பாந்தர் பச்சோந்தி. ஜாக்சன் பச்சோந்தி மலைக்குளிருக்குப் பழகியது, அதற்கு வெப்ப அளவுகள் இன்னும் குறைவு.

1. பணம் கொடுப்பதற்கு முன்

வயது கேளுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், மூன்று மாதம் ஆனதென்றால் இன்னும் நல்லது. முதல் சில வாரங்களில்தான் இறப்பு அதிகம், அந்தக் கட்டத்தைக் கடத்திவிடுவது வளர்த்துக் கொடுப்பவரின் வேலை.

கூண்டில் பிறந்த குட்டியா, காட்டில் பிடித்ததா என்பது அடுத்த கேள்வி. காட்டில் பிடித்தது ஒட்டுண்ணிகளோடும் மிரட்சியோடும் வரும், பல நாடுகளில் அது குற்றமும்கூட. பாந்தர், ஏமன் இரண்டுமே சைட்டீஸ் எனப்படும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பவை. உங்கள் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது, என்ன ஆவணம் கேட்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, காகிதம் சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். உயிருள்ள சின்னப் பூச்சி வாராவாரம் எங்கிருந்து வரும்? ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இல்லையென்றால் கொஞ்ச நாள் பொறுங்கள். குட்டி சாப்பிடாமல் கிடக்கும் இரவில் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக, ஒன்றே ஒன்று வாங்குங்கள். "துணைக்கு இருக்கட்டும்" என்று இரண்டாக வாங்குபவர்கள் நிறைய. பச்சோந்திக்குத் துணை வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று தெரிந்தாலே பலம் குறைந்தது சாப்பாட்டை விட்டுவிட்டு இலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரே முட்டைத் தொகுதியில் பொரித்த குட்டிகள்கூட ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும்.

2. கூண்டு: அளவும் இடமும்

குட்டிக்குச் சுமார் 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 75 செ.மீ. உயரம் உள்ள வலைக்கூண்டு போதும். முழு வளர்ச்சிக்கு 60 × 60 × 120 செ.மீ. வேண்டும். நேரடியாகப் பெரிய கூண்டிலேயே விடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். விடலாம், கெடுதல் இல்லை, ஆனால் குட்டி சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் முதல் மாதம் போய்விடும். புதியவர்களுக்குச் சின்னக் கூண்டுதான் நல்லது என்பது என் கருத்து.

சுற்றிலும் கண்ணாடி உள்ள தொட்டியில் காற்று தேங்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து தேங்கினால் நுரையீரல் தொற்றுக்கு வழி. அதோடு கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து வேறொரு பச்சோந்தி வந்துவிட்டதாக நினைத்து ஓயாமல் மிரளும். அறை மிகவும் வறண்டதாக இருந்தால் இரண்டு பக்கம் மூடி, முன்பக்கமும் மேல்பக்கமும் வலையாக இருக்கும் கூண்டு பார்க்கலாம். வலைக்கண் குட்டியின் விரல் சிக்காத அளவு சின்னதாக இருக்கட்டும்.

கூண்டை உயரத்தில் வையுங்கள். கூண்டின் மேல்பாதி உங்கள் கண் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து வரும் எதுவும் பச்சோந்திக்குப் பருந்துதான், தரையில் வைத்த கூண்டில் நீங்கள் குனியும் ஒவ்வொரு முறையும் அது பயப்படும். ஆள் நடமாட்டம் உள்ள வழி, மின்விசிறிக்கு நேர் கீழ், ஏசி காற்று படும் இடம், நாயும் பூனையும் எட்டும் இடம், மதிய வெயில் நேராக விழும் ஜன்னல், இவை எதுவும் வேண்டாம். ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ சுவரை ஒட்டி இருந்தால் குட்டி சீக்கிரம் அடங்கும்.

தரையில் மண், மரத்தூள், கூழாங்கல் எதுவும் போடாதீர்கள். பூச்சியைக் குறிவைத்து நீளும் நாக்கு அதையும் சேர்த்து இழுத்துவிடும், குடலில் அடைத்துக்கொள்ளும். வெறும் தரை, கீழே தண்ணீர் வடிய ஒரு தட்டு, அவ்வளவுதான். பேப்பர் டவல் விரித்தால் எச்சத்தைப் பார்ப்பதும் சுலபம்.

3. கிளைகளும் செடிகளும்

இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், ஆனால் பச்சோந்தியின் வீடு என்பதே கிளைகள்தான். மற்ற எல்லாம் அந்தக் கிளைகளுக்கு வெளிச்சமும் தண்ணீரும் கொண்டுபோவதற்கான ஏற்பாடு.

குட்டியின் கால் விரல்கள் கிளையை முழுதாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பென்சிலைவிட மெல்லிய கிளைகள் நிறைய, பென்சில் பருமனில் சில. பருமன் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். பிளாஸ்டிக் கம்பி வழுக்கும், நிஜக் கிளைதான் வேண்டும். பூச்சிமருந்து படாத மரத்திலிருந்து வெட்டி, தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். பிசின் ஒழுகும் மரம் வேண்டாம்.

கிடைமட்டமாக மூன்று மட்டங்களில் கட்டுங்கள்: மேலே வெயில் காயும் கிளை, நடுவில் நடமாடும் கிளைகள், கீழே நிழலில் இரண்டு. இவற்றைச் சாய்ந்த கிளைகளால் இணைத்துவிடுங்கள். பச்சோந்தி தன் உடம்புச் சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். மேலே சூடு அதிகமானால் கீழே இறங்க வழி இருக்க வேண்டும், குட்டிக்குத் தாவத் தெரியாது.

செடி நிஜமானதாக இருக்கட்டும். செம்பருத்தி, மணி பிளான்ட், குடைச்செடி எனப்படும் ஷெஃப்ளேரா ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. ஏமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும், ஆகவே அதற்குச் செம்பருத்தியையே நான் முதலில் சொல்வேன். பிளாஸ்டிக் இலையைத் தின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கி வந்த செடியின் இலைகளை இருபக்கமும் கழுவி, மேல்மண்ணை மாற்றி, மண் வெளியே தெரியாதபடி பெரிய கற்களால் மூடுங்கள். நர்சரிச் செடியில் மருந்து அடித்திருப்பார்கள், உர உருண்டைகளும் போட்டிருப்பார்கள்.

கூண்டின் ஒரு பக்கமாவது குட்டி முழுதாக மறைந்துகொள்ளும் அளவுக்கு இலை அடர்த்தி இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே என்று இலைகளைக் குறைத்துவிடாதீர்கள். ஒளிய இடம் உள்ள குட்டிதான் தைரியமாக வெளியே வரும்.

4. விளக்குகள்: இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேலை

முதலாவது யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் உள்ள ஒரு வகைப் புறஊதாக் கதிரைத் தரும் விளக்கு. பச்சோந்தியின் தோல் இந்தக் கதிரைக் கொண்டுதான் வைட்டமின் டி3 தயாரிக்கிறது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பில் சேராது. வேகமாக வளரும் குட்டிக்கு இது இல்லாமல் போனால் சில வாரங்களில் கால் வளையத் தொடங்கிவிடும்.

சுருள் வடிவ யூவிபி பல்ப் வேண்டாம், அதன் கதிர் சின்ன வட்டத்துக்குள் முடிந்துவிடும். கூண்டின் அகலத்துக்கு நீளும் டி5 ரக மெல்லிய குழல்விளக்கு, யூவிபி அளவு 5.0 அல்லது 6 சதவீதம் என்று குறித்தது, வாங்குங்கள். வலைக்கு மேலே விளக்கு, அதற்குக் கீழே குட்டியின் முதுகு வரும் இடத்துக்கு சுமார் 20 முதல் 25 செ.மீ. இடைவெளி. விளக்குக்கு விளக்கு இது மாறும், தயாரிப்பாளர் தரும் தூர அட்டவணையைப் பாருங்கள். யூவி குறியீட்டு மீட்டர் கிடைத்தால் மேல் கிளையில் 2 முதல் 3 வரை காட்ட வேண்டும். வலை இந்தக் கதிரில் கணிசமான பகுதியைத் தடுத்துவிடும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கிட்டத்தட்ட முழுவதையும் தடுக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலை நம்ப முடியாது என்பது இதனால்தான். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே வரும், 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது வெப்ப விளக்கு. குட்டிக்கு மேல் கிளையில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் போதும், கூண்டின் மற்ற இடங்களில் 22 முதல் 25. இதற்குச் சாதாரணக் குறைந்த வாட் பல்பே பெரும்பாலும் போதுமானது. அறையே 28 டிகிரிக்கு மேல் இருக்கிறதென்றால் வெப்ப விளக்கு போடவே வேண்டாம், அங்கே உங்கள் கவலை குளிர்ச்சியைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

வெப்பத்தைக் கூண்டுச் சுவரில் அளக்காதீர்கள். நான் வளர்த்த முதல் குட்டி மேல் கிளைக்குப் போகவே மறுத்தது. சுவரில் ஒட்டிய வெப்பமானி 28 காட்டிக்கொண்டிருந்தது. வயர் முனை உள்ள வெப்பமானியைக் கிளையில் கட்டிப் பார்த்தால் 36. குட்டியின் முதுகும் தலைக் கொண்டையும் கிளையைவிட இன்னும் மேலே இருக்கும், விளக்குக்குப் பக்கம். அளக்கும் முனையை அந்த உயரத்தில் வைத்து அளவு எடுங்கள்.

வெப்ப விளக்கைக் கூரை வலைமேல் அப்படியே படுக்க வைக்கவும் கூடாது. குட்டி தலைகீழாகக் கூரை வலையில் தொங்கும், அங்கே சுட்டுக்கொள்ளும். சில செ.மீ. மேலே தூக்கித் தொங்கவிட்டு, வலையைத் தொட்டுப் பாருங்கள், உங்கள் விரல் தாங்காவிட்டால் இன்னும் தூக்குங்கள். சூடாகும் கல், அடியில் வைக்கும் வெப்பத் தகடு இரண்டும் பச்சோந்திக்கு உதவாது, அது மேலிருந்து வரும் வெயிலில் காயும் உயிர்.

இரண்டு விளக்கையும் டைமரில் போட்டுவிடுங்கள்: 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு. சிவப்பு, நீல இரவு விளக்கும் வேண்டாம், அதையும் அது பார்க்கும், தூக்கம் கெடும். இரவில் 18 முதல் 20 டிகிரி வரை இறங்கினால் நல்லதே.

5. தண்ணீர்

கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பொதுவாகத் தண்ணீர் என்று கண்டுகொள்வதில்லை. இலையில் மின்னும் துளி, சொட்டும் துளி, இவைதான் அதற்குத் தண்ணீர்.

கூண்டு விழிப்பதற்கு முன், அதாவது விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு நிமிடமாவது இலைகள் எல்லாம் நனையும்படி மெல்லிய தெளிப்பு. விளக்கு அணைந்த பின் இன்னொரு முறை. நடுவில் பகலில் ஒரு சொட்டு ஏற்பாடு: டம்ளரின் அடியில் ஊசித் துளை போட்டுக் கூண்டின் மேல் வைத்தால்கூடப் போதும், சொட்டுகள் இலைக்கு இலை இறங்கி வர வேண்டும். அவசரமாக நாலு அமுக்கு அமுக்கிவிட்டுப் போகாதீர்கள். தெளிக்கத் தொடங்கியதும் குட்டி முதலில் கண்ணைச் சுழற்றிச் சுத்தம் செய்யும், குடிக்கத் தொடங்கவே அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

அதன் முகத்தில் நேராகப் பீய்ச்சாதீர்கள், இலையில் தெளியுங்கள்.

பகலில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் சரி, இரவில் 70க்கு மேலே போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஈரம் அதிகமாக இருக்கும்போது காற்று குளிர்ந்திருக்க வேண்டும். வெந்நீராவி விடும் கருவியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஒவ்வொரு தெளிப்புக்குப் பிறகும் கூண்டு காய வேண்டும். நாள் முழுக்க ஈரமாகவே இருந்தால் பூஞ்சையும் தோல் புண்ணும் வரும், பாசி வாடை அடிக்கும் கூண்டைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது நுரையீரல் தொற்றுதான்.

6. ஏழு நாள் காலிக் கூண்டு

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. எல்லாம் மாட்டிய பின் குட்டி இல்லாமலே ஒரு வாரம் கூண்டை ஓட்டுங்கள்.

காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மேல் கிளை, நடு, கீழ் ஆகிய இடங்களின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எழுதிவையுங்கள். டைமர் சரியாக வேலை செய்கிறதா, தண்ணீர் எங்கே தேங்குகிறது, மின்கம்பி எங்காவது நனைகிறதா, செடி வாடுகிறதா, எல்லாம் இந்த வாரத்தில் தெரிந்துவிடும். வெயில் அதிகமான நாளும் மழை நாளும் இதில் வந்தால் அதிர்ஷ்டம். அறை வெப்பம் ஐந்து டிகிரி ஏறினால் மேல் கிளையும் ஏறும் என்பதைக் குட்டியின் உடம்பில் தெரிந்துகொள்வதைவிட இப்படித் தெரிந்துகொள்வது மேல்.

இதே வாரத்தில் பூச்சிகளையும் வாங்கி உங்கள் கையில் அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். கிரிக்கெட் பூச்சியை முதல் தடவை வளர்ப்பவர்கள் மூன்றாம் நாளே பாதியை இழந்துவிடுவார்கள், பெரும்பாலும் காற்றோட்டம் இல்லாத டப்பாவும் ஈரமும்தான் காரணம்.

7. குட்டி வரும் நாள்

காலையில் கொண்டுவரப் பாருங்கள். இருட்டுவதற்குள் அது கூண்டைச் சுற்றிப் பார்த்து, தண்ணீர் குடித்து, தூங்க ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்க நேரம் வேண்டும். காற்றுத் துளை உள்ள சின்ன அட்டைப் பெட்டி, உள்ளே ஒரு குச்சி, மென்மையான காகிதம். காருக்குள் வெயிலில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பெட்டியைக் கூண்டுக்குள் வைத்து, குச்சியைக் கிளையோடு சேர்த்துவிட்டுத் தள்ளிப் போங்கள். தானாக ஏறும். பிறகு இலையில் தெளியுங்கள், முதல் தேவை தண்ணீர்தான். சாப்பாடு மறுநாள்.

முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டாம். புதிதாக வந்த குட்டியை வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பதும் போட்டோ எடுப்பதும்தான் அதைச் சாப்பிட விடாமல் செய்கிறது. கூண்டின் மூன்று பக்கம் துணி போட்டு மூடிவிட்டு, தூரத்திலிருந்து பாருங்கள். இரண்டு வாரம் கையில் எடுக்கவே வேண்டாம்.

முதல் வாரத்துக்குள் புதிய எச்சத்தை மருத்துவரிடம் கொடுத்து ஒட்டுண்ணிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கூண்டில் பிறந்த குட்டிக்கும் இது வேண்டும், பூச்சிகள் வழியாகவும் ஒட்டுண்ணி வரும்.

8. உணவு

பூச்சியின் நீளம் குட்டியின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு அளவை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மிகச் சின்னக் குட்டிக்கு இறக்கையில்லாத பழ ஈ, பிறகு சின்ன கிரிக்கெட் பூச்சி, சின்ன டூபியா கரப்பான், பட்டுப்புழு. ஒரே பூச்சியையே மாதக்கணக்கில் கொடுத்தால் ஒருநாள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வகை மாற்றிக் கொடுங்கள். கெட்டித்தோல் உள்ள மீல்வார்ம் எனப்படும் மாவுப்புழு தினசரி உணவாக வேண்டாம்.

மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை தினமும் சாப்பாடு, 15 நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு சின்னப் பூச்சிகளில் நின்றுவிடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியென்றால் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். விளக்கு எரிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கொடுப்பது நல்லது. உடம்பு சூடேறினால்தான் நாக்கும் வேகமாக வேலை செய்யும், செரிமானமும் நடக்கும். மாலையில் விளக்கு அணையும் நேரத்தில் கொடுத்தால் செரிக்காமல் வயிற்றில் கிடக்கும்.

பூச்சிகளைக் கூண்டுக்குள் அப்படியே கொட்டிவிடாதீர்கள். தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சிகள் இரவில் தூங்கும் குட்டியைக் கடிக்கும், கண் ஓரத்தைக்கூட விடாது. வழவழப்பான வெளிர்நிறக் கிண்ணத்தில் போட்டு, கிளையிலிருந்து நாக்கு எட்டும் தூரத்தில் கட்டுங்கள். கிண்ணத்துக்குள் ஒரு பக்கம் சின்ன வலைத்துண்டு வைத்தால் பூச்சி அதில் ஏறும், அசைவது குட்டியின் கண்ணில் படும். அசையாத பூச்சியை அது பெரும்பாலும் உணவாக எடுத்துக்கொள்ளாது.

பூச்சியின் வயிற்றில் என்ன இருக்கிறதோ அதுதான் குட்டிக்குப் போகிறது. ஆகவே கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பூச்சிக்குக் கேரட், பூசணி, கடுகுக் கீரை மாதிரி நல்ல தீனி போடுங்கள். பசலைக் கீரையைத் தவிருங்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வெளியே பிடித்த பூச்சிகளில் பூச்சிமருந்து இருக்கலாம். மின்மினியை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள், அதன் நஞ்சு பல்லிகளைக் கொன்றுவிடும்.

9. கால்சியம் பவுடரும் வைட்டமினும்

பண்ணைப் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் எலும்புக்கு இது தலைகீழ். அதனால் ஒவ்வொரு வேளையும் பாஸ்பரஸ் இல்லாத, டி3 கலக்காத சுத்தமான கால்சியம் பவுடரைப் பூச்சிமேல் லேசாகத் தூவுங்கள். டப்பாவில் போட்டு ஒரு குலுக்கு, பூச்சியின் நிறம் மங்கலாகத் தெரிய வேண்டும், வெள்ளைப் பேயாக மாறக் கூடாது. அளவு மீறினால் குட்டி அதைத் தின்னாது. தூவியதும் உடனே கொடுங்கள், கிரிக்கெட் பூச்சி கொஞ்ச நேரத்தில் தன்னைத் துடைத்துக்கொண்டுவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால்சியத்துக்குப் பதில் டி3யும் வைட்டமின் ஏயும் உள்ள மல்டிவைட்டமின் பவுடர். இந்த இரண்டும் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும், சிறுநீரில் வெளியேறாது. நல்லதுதானே என்று தினமும் தூவினால் நஞ்சாகிவிடும். குழப்பம் வராமல் இருக்கக் காலண்டரில் முதல் தேதி, பதினைந்தாம் தேதி என்று வட்டம் போட்டுவிடுங்கள்.

10. தினமும் எதைப் பார்ப்பது

காலையில் கண். இரண்டும் உருண்டு வெளியே நிற்க வேண்டும், எல்லாப் பக்கமும் சுழல வேண்டும். குழி விழுந்த கண் என்றால் தண்ணீர் போதவில்லை. பகலில் கண் மூடித் தூங்கும் பச்சோந்தி சோம்பேறித்தனமாகத் தூங்கவில்லை, அதற்கு உடம்பு சரியில்லை.

எச்சம் இரண்டு பகுதியாக வரும்: பழுப்பு நிறத்தில் ஒன்று, வெள்ளையாக ஒன்று. வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் தண்ணீர் சரி. முனையில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் பரவாயில்லை, முழுக்க ஆரஞ்சு என்றால் தெளிப்பை நீட்டுங்கள்.

நிறத்தைப் பின்னணியோடு பொருத்திப் பார்க்காதீர்கள். பச்சோந்தியின் நிறம் பெரும்பாலும் அதன் மனநிலையையும் உடம்புச் சூட்டையும் காட்டுவது. காலையில் கருத்து, உடம்பைத் தட்டையாக்கி விளக்குப் பக்கம் காட்டினால் வெயில் காய்கிறது. நாள் முழுக்கக் கருத்தே இருந்தால் குளிரோ பயமோ வலியோ இருக்கிறது. வெளுத்துப் போய் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம், உடனே வெப்ப விளக்கை அணையுங்கள். இரவில் தூங்கும்போது வெளுப்பது இயல்பு.

வாரம் ஒரு முறை எடை. கிராம் தராசில் ஒரு குச்சி நிற்கும் தாங்கியை வைத்துச் சுழியமாக்கிவிட்டு, குட்டியை அதில் ஏறவிடுங்கள். எண் என்ன என்பதைவிட அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டு வாரம் தொடர்ந்து ஏறாவிட்டால் காரணம் தேடுங்கள்.

தோல் உரிப்பது குட்டியில் சில வாரங்களுக்கு ஒரு முறை நடக்கும், துண்டு துண்டாக வரும். அன்று சரியாகச் சாப்பிடாது. உரியும் தோலைக் கையால் இழுக்காதீர்கள், அடித்தோல் கிழியும். ஈரப்பதத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

11. கையில் எடுப்பது

மேலிருந்து பிடிக்கவே கூடாது. கையைக் கிளையின் முன்னால், அதன் நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நீட்டிக் காத்திருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் விடுங்கள். கிளையைப் பிடித்திருக்கும் காலை இழுத்தால் மெல்லிய எலும்பு முறியும். கையில் பூச்சி வைத்துப் பழக்கினால் சில குட்டிகள் தானாகவே வரும். சில கடைசி வரை வராது, அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தொட்டு முடித்ததும் கூண்டைச் சுத்தம் செய்து முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றில் சால்மோனெல்லா கிருமி இருக்கும்.

12. எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

கிளையைப் பிடிக்கும் பலம் குறைந்தால், கால் வளைந்தால், நடுங்கினால், தாடை மிருதுவானால், நாக்கு இலக்குத் தவறிக்கொண்டே இருந்தால் எலும்பு நோய் தொடங்கிவிட்டது. சூடு இல்லாதபோதும் வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி மூச்சு விட்டால், விசில் மாதிரியோ வெடிப்பு மாதிரியோ சத்தம் வந்தால், வாயில் சளி தெரிந்தால் நுரையீரல் தொற்று. பகலில் மூடிய கண், தரையில் படுத்துக்கிடப்பது, மூன்று நாளாகச் சாப்பிடாதது, இவையும் சேர்த்தி.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே போங்கள். காட்டில் பலவீனத்தைக் காட்டும் பச்சோந்தி இரையாகிவிடும், அதனால் முடிந்தவரை நோயை மறைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது ஏற்கெனவே முற்றியிருக்கும். போகும்போது விளக்கின் பெயர், மாட்டிய தேதி, பவுடர் டப்பா, எடைக் குறிப்பு, கூண்டின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதி அதற்குள் இருக்கும்.

13. நான்காம் மாதத்திலிருந்து

ஏமன் பச்சோந்தியில் ஆணுக்குப் பின்னங்கால் குதியில் சின்ன முள் போன்ற மேடு பிறக்கும்போதே இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. பெண் என்றால் ஆண் துணை இல்லாமலே முட்டை உருவாகும், நான்கைந்து மாதத்திலேயேகூட. முட்டையிட இடம் கிடைக்காவிட்டால் அடக்கிவைத்துக்கொண்டு இறந்துபோகும். அதனால் அந்த வயதிலிருந்தே 30 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள தொட்டியில், விரலால் குழி தோண்டினால் இடியாத அளவு ஈர மணல் நிரப்பிக் கூண்டுக்குள் வையுங்கள். குழி தோண்டும்போது அது உங்களைப் பார்த்துவிட்டால் பாதியில் நிறுத்திவிடும், அந்த நேரத்தில் கூண்டை மூடிவையுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டைப் படிப்படியாக ஒன்றுவிட்டு ஒரு நாளாகக் குறையுங்கள். பெண்ணுக்கு இது இன்னும் முக்கியம், தீனி மிஞ்சினால் முட்டைகளின் எண்ணிக்கை கூடி உடம்பை உருக்கிவிடும்.

பெரிய கூண்டுக்கு மாற்றும் காலமும் இதுதான். அதையும் காலியாக ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பெரிய கூண்டில் உயரம் அதிகம் என்பதால் விளக்குக்கும் மேல் கிளைக்கும் உள்ள தூரத்தைப் புதிதாக அளக்க வேண்டும். பழைய கூண்டில் குட்டி தூங்கிப் பழகிய கிளையையும் செடியையும் அப்படியே எடுத்துப் புதியதில் மாட்டுங்கள், முதல் இரவே அங்கே போய்ச் சுருண்டுகொள்ளும். பழைய கூண்டை உடனே விற்றுவிடாதீர்கள். சிகிச்சை நடக்கும் நாட்களில் மருந்து கொடுக்கவும், தின்பதை எண்ணிப் பார்க்கவும் அந்தச் சின்னக் கூண்டுதான் கைகொடுக்கும்.